கப் ஜெயித்தால் ஃபேமிலி விசா

ஜெயித்தால் பையன்கள் கெட்டிக்காரர்கள், தோற்றால் மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது: விளையாட்டுப் பயிற்சியாளர் தொழிலின் லட்சணம் இவ்வளவுதான். விசில் ஊதிப் பிழைத்த சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் துபாயில் ஒரு தொழிற்கல்லூரிக்குக் கூடைப்பந்துப் பயிற்சியாளராகப் போனேன். போய் இறங்கிய அன்றே, "ஃபுட்பாலும் நீதான்" என்றார் கல்லூரித் தலைவர். அரபியில் முதீர் என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். பம்பாயில் வியாபாரம் செய்தவர், என்னோடு இந்தியில்தான் பேசுவார். கல்யாணமான கையோடு கமலாவைத் திருச்சியில் விட்டுவிட்டு வந்தவன் நான். அவளை அழைத்துவர விசா கேட்டதும் முதீர் சொன்ன பதில்: "ஃபுட்பால் கப்பைக் கொண்டுவா, ஃபேமிலி விசா தரேன்."

பந்தைக் காணோம்

முதல் நாள் கூடைப்பந்துப் பயிற்சிக்குப் பையன்கள் கணுக்கால் வரை தொங்கும் வெள்ளைக் கந்தூரா அங்கியோடு வந்து நின்றார்கள். அரை டிராயர் போடச் சொன்னதற்கு எல்லோருக்கும் வெட்கம். சரி, அப்படியே ஆடுங்கள் என்று விட்டுவிட்டேன். ஆறடி உயர ராஷித் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினான். பாதி வழியில் பந்து மாயமாகிவிட்டது. எதிரணி தேடுகிறது, நானும் தேடுகிறேன். அவனோ நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி நிதானமாக நடந்துபோய்க் கூடைக்குக் கீழே நின்றான். கந்தூராவின் முன்பக்கத்தைத் தூக்கி, பந்தை அதில் பொட்டலமாகக் கட்டியிருந்தான்! ஓடிப்போய் விசில் ஊதினேன்.

"பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு நடக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க மாஸ்டர்? நான் பந்தைத் தொடவே இல்லையே, துணியைத்தானே பிடிச்சிருக்கேன்!"

சுண்ணாம்பும் பழைய ஆயிலும்

கால்பந்து மைதானம் முழுக்க மணல். புல் என்ற பேச்சே கிடையாது. நம்மூர்ப் பழக்கத்தில் நான் சுண்ணாம்பு வாங்கி வந்து, வியர்க்க விறுவிறுக்கக் கோடு போட்டேன். வெள்ளை மணலில் வெள்ளைக் கோடு! போட்ட எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் அடித்த காற்றில் அதுவும் கடலைப் பார்க்கக் கிளம்பிவிட்டது. அந்த ஊரில் வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயிலைத்தான் கோடாக ஊற்றுவார்களாம். நானும் ஊற்றினேன். கறுகறுவென்று கோடு பிரமாதமாக விழுந்தது. அதற்குள் பையன்கள் பனியனும் டிராயரும் போடப் பழகியிருந்தார்கள். ஆனால் சறுக்கி விழுந்தவன் பனியனிலெல்லாம் அதே கோடு, எந்தச் சோப்புக்கும் அசையவில்லை. வீட்டுக்கு வீடு திட்டு.

எங்களுக்குப் பனியன் கொடுப்பவர் தேரா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய். புகார் சொல்ல வருகிறார் என்று நினைத்து நான் ஒதுங்கப் பார்த்தேன். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இந்தக் கோட்ட மட்டும் மாத்திராதீய. நீங்க ஆயில் ஊத்துன நாள்லேருந்து நம்ம கடையில பனியன் யாவாரம் பிச்சுக்கிட்டுப் போவுது."

கேசட்டில் கமலா

போன் பேசக் கட்டுப்படியாகாத காலம். கமலா கேசட்டில் பேசி, ஊரிலிருந்து வருபவர்களிடம் கொடுத்தனுப்புவாள். ரூமில் டேப் ரிக்கார்டர் ஒன்றுதான், அதுவும் பொது. எனவே என் மனைவி என்னிடம் பேசுவதை ரூமே சுற்றி உட்கார்ந்து கேட்கும். கப்புக்கும் விசாவுக்கும் உள்ள சம்பந்தத்தை நான் எழுதியதிலிருந்து, அவள் தன் தம்பியிடம் கால்பந்து பாடம் கேட்க ஆரம்பித்திருந்தாள். நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்ட சமயத்தில் வந்த கேசட்டில், மாமியார் சௌக்கியம், வடாம் காய்கிறது என்று சொல்லி முடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, ஆஃப்சைடுன்னு ஒண்ணு இருக்காமே, கோல் போட்டாலும் செல்லாதாமே. உங்க பசங்களைக் கொஞ்சம் பின்னாடியே நிக்கச் சொல்லுங்களேன்."

லைட்டு போட்டவர்

இறுதி ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. ஒன்றுக்கு ஒன்று என்று இழுபறியில் இருந்தபோது சூரியன் சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அடித்துக்கொண்டிருந்த இரண்டு அணியும் தோளோடு தோள் நின்று தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி அடித்துக்கொண்டது. இருட்டத் தொடங்கியதால், சுற்றி நின்ற வண்டிகளெல்லாம் லைட்டைப் போட்டன. எங்கள் முதீர் காரை விட்டு இறங்கமாட்டார். பந்து போகும் பக்கமெல்லாம் கோட்டுக்கு வெளியே காரை ஓட்டிக்கொண்டே ஆட்டம் பார்ப்பார். கடைசி நிமிடத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தோடு எங்கள் கோலை நோக்கிப் பாய்ந்தான். முதீருக்குப் பதற்றம் தாங்கவில்லை. சர்ரென்று காரை முன்னால் கொண்டுபோய்க் கோல் பக்கம் திருப்பி, நன்றாகத் தெரியட்டும் என்று பெரிய லைட்டைப் போட்டார். கோல் காத்த ராஷித் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். பந்து உள்ளே போய்விட்டது.

கப் போச்சு, விசாவும் போச்சு. கமலாவுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதீர் காரை விட்டு இறங்கி வந்தார். அவர் சொன்னதைக் கேட்டு, தோற்ற மைதானத்தில் நான் எழுந்து குதித்ததை இரண்டு அணியும் வேடிக்கை பார்த்தது.

"கலாஸ், முடிஞ்சுது மாஸ்டர். நீ தோக்கல, அந்தக் கோலைப் போட்டது என் வண்டி. நாளைக்கே உன் சம்சாரத்தோட பாஸ்போர்ட் காப்பியைக் கொண்டா."

இத்தனை வருஷப் பயிற்சியில் நான் கைப்பற்றிய ஒரே பெரிய பரிசு தோற்றதற்காகக் கிடைத்தது என்பதை மட்டும், எந்தப் பையனுக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை.