மீசையோடு சகனே கடலில்

நீச்சல் குளத்தில் முக்குளிக்கப் பழகிய முதல் நாளே, பயிற்சி தந்த பெண் என் மீசையைச் சுட்டிக் காட்டினாள். மீசை இருந்தால் முகத்தில் போடும் மாஸ்க் தோலோடு ஒட்டாது, தண்ணீர் புகும், வழித்துவிடு என்றாள். பதினெட்டு வயதில் வளர்த்த மீசை அது. மொன்றியலில் நாங்கள் இருக்கும் செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் தமிழ் ஆட்களில் யாருக்கு மீசை இல்லை? முடியாது என்றேன். வாஸலீன் பூசிச் சமாளித்தேன்.

கோடையில் மனைவியோடு மொன்றியலில் இருந்து பல மணிநேரம் கார் ஓடி சகனே போனேன். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இடம் அது. உப்புநீருக்கு மேலே மிதக்கும் ஆற்றுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் இருந்தது. முக்குளித்து அதைத் தாண்டுவதற்குள் மாஸ்க்குக்குள் மூக்குவரை தண்ணீர் ஏறிவிட்டது. எரிச்சலோடு கரையேறினேன்.

மனைவி கைப்பையிலிருந்து ரேசரை எடுத்து நீட்டினாள். "மீசை வேணுமோ, கடலைப் பாக்கவேணுமோ? முடிவெடுங்கோ."

காரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்து, முணுமுணுத்துக்கொண்டே வழித்தேன்.

இரண்டாம் முறை இறங்கியபோது அந்தக் கறுத்த நீர் சட்டென்று முடிந்து, குளிர்ந்த, தெளிந்த உப்புநீர் தொடங்கியது. டோர்ச் வெளிச்சத்தில் பாறை முழுக்கக் கடற்சாமந்திகள், பூப்போன்ற அந்தக் கடலுயிர்கள், வெள்ளையும் செம்மஞ்சளுமாய் விரிந்திருந்தன. ஆழக்கடலில் வாழ வேண்டியவை, மேலிருக்கும் இருட்டை நம்பி இவ்வளவு கிட்ட வந்திருந்தன.

கரைக்கு வந்து மூச்சுவாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்கவேயில்லை. என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணம் கட்டி இருபது வருசமா, இந்த வடிவான முகத்தை ஏனப்பா மறைச்சு வச்சிருந்தனீங்கள்?"