கோடி கொண்டு வராத கொலைகாரன்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிக்கலில் ஒரு கொலை. நான் நேரில் பார்த்த சாட்சி.

பதறாதீர்கள்... டி.வி.யில்தான்!

சிக்கல் என்றால் கடலாடிப் பக்கத்து ஊர். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அங்கே விவசாயம் பார்க்கிறார். முந்தின நாள் பரமக்குடியில் இருக்கிற எனக்குப் போன். "ஏலே தம்பி, காலையில கெளம்பி வாடா. ஒம் மதினிகிட்ட யாராச்சும் பேசணும். நான் வாயத் தொறந்தா அன்னைக்கு எனக்குச் சோறு இல்ல."

விஷயம் இதுதான். அண்ணன் மகள் செல்விக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். தாய்மாமன் பெயர் போடுகிற இடத்தில் வந்து நிற்கிறது வண்டி. "அவன் பேரு வரக் கூடாது. அவன் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று மதினி ஒரே பிடி. அந்த 'அவன்' யார்? மதினியின் கூடப்பிறந்த ஒரே தம்பி முனியசாமி. கடலாடியில் உரக்கடை வைத்திருக்கிறவர்.

அப்படி என்னதான் செய்துவிட்டார் மனுஷன்?

போன வருஷம் பெரியம்மா, அதாவது மதினியின் மாமியார், இறந்துபோனார். அன்றைக்கு முனியசாமி கோடி கொண்டு வரவில்லை. இறந்தவர் மேல் போர்த்த உறவுக்காரர்கள் எடுத்து வருகிற புதுத்துணிதான் கோடி. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக் கோடி வராமல் போனால், அந்த வீட்டில் வாழ்கிற பெண் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. 'முத்துராக்கு பொறந்த வீட்டுக் கோடி வந்துருச்சா?' என்று மதினி பெயரைச் சொல்லி ஆளாளுக்குக் கேட்க, மதினி வாசலிலேயே நின்றார். வரவில்லை. உடலைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் தம்பிக்காரர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் அன்றோடு பேச்சு வார்த்தை இல்லை.

போனேன். கருவாட்டுக் குழம்பு. மதினியின் கைக்கு அது தனி ருசி. நாலு வாய் உள்ளே போனதும் தைரியம் வந்தது.

"மதினி... முனியசாமி விஷயம்..."

"கொழுந்தனாரே, இன்னங் கொஞ்சம் கொழம்பு ஊத்தவா?"

"அது இல்ல மதினி, தாய்மாமன் இல்லாம ஒரு பிள்ளைய எப்படி மணவறையில..."

"மோரு ஊத்தவா?"

வாராவாரம் பேப்பரில் உங்களுக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் நான்! மோரைக் குடித்துவிட்டு எழுந்து கை கழுவினேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

செல்வி டி.வி.யைப் போட்டது அப்போதுதான். ஏதோ ஒரு சேனலில் இங்கிலீஷ் தொடர். பனி பெய்கிற ஏதோ வெளிநாட்டு ஊர். கிழட்டுச் சீமான் ஒருவர் தன்னுடைய பிறந்தநாள் கேக்கிலேயே முகம் புதைந்து செத்துக் கிடக்கிறார். விஷம்! துப்பறிகிறவர் அந்த ஊர் பல் டாக்டர். வாயைத் திறக்க வைப்பதுதானே அவருக்குத் தொழில்?

"சேனல மாத்து செல்வி" என்றார் அண்ணன்.

"இருக்கட்டும்" என்றார் மதினி. "கொழுந்தனாரே, பேப்பர்ல எழுதுறீகள்ல... என்ன பேசுறாகன்னு சொல்லுங்க."

மாட்டினேன். அந்த வெள்ளைக்காரர்கள் பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைச் சொந்தமாகப் போட்டு நிரப்பினேன். செத்தவரோடு சேர்ந்து வியாபாரம் செய்தவர் ஒருத்தர் வந்தார். 'பார்ட்னர்' என்பதைச் சட்டென்று 'பங்காளி' என்று சொல்லிவிட்டேன்.

"பங்காளியா? அப்ப இவன்தான் விஷம் வச்சுருப்பான்" என்றார் மதினி. அண்ணனையும் என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எந்தச் சீமையா இருந்தா என்ன!" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் அடக்கம். எல்லாரும் கறுப்புக் கோட்டு. "பொம்பளைகளும் சுடுகாட்டுக்குப் போறாகளே!" என்று செல்வி ஆச்சரியப்பட்டாள். பங்காளி இருக்கிறதிலேயே பெரிய மலர்வளையத்தை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். எல்லாம் முடிந்து மண்ணைத் தள்ளுகிற நேரத்தில் ஒருத்தர் ஓடி வருகிறார். வெறுங்கை. கோட்டெல்லாம் சேறு. ஒரு மரத்தடியில் தனியாக நின்றுகொள்கிறார்.

"இது யாரு?"

"செத்தவரோட சம்சாரத்துக்குக் கூடப்பிறந்த தம்பி மதினி." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.

மதினி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பங்காளி இல்ல. இவன்தான் கொலகாரன்."

"எப்படிச் சொல்றீங்க?"

"கோடி எங்க?"

"அந்த ஊர்ல கோடியெல்லாம் கிடையாது மதினி. பூதான் வைப்பாங்க."

"சரி, பூவாவது கொண்டு வந்தானா?"

கொண்டு வரவில்லையே! அந்த ஊர் ஜனங்களும் மதினி கட்சிதான். கடையில், சர்ச்சில், மதுக்கடையில்... எங்கே பார்த்தாலும் அந்த ஆளைப் பற்றியே குசுகுசு. சொந்த அக்காளே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறாள். மதினிக்கு அதில் ஒரு திருப்தி.

கடைசியில் பல் டாக்டர் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்கார வைத்தார். நேரே அந்த ஆளிடம் போய்க் கேட்டார்: அன்றைக்கு ஏன் தாமதம்?

அவர் அழாத குறையாகச் சொன்னார். மாமாவுக்குப் பிடித்த பூவைத் தேடிப் பக்கத்து டவுனுக்குப் போயிருக்கிறார். திரும்பும்போது செம்மறி ஆட்டு மந்தை ரோட்டை மறித்துக்கொண்டது. காரை விட்டு இறங்கி விரட்டுவதற்குள் அத்தனை பூவையும் ஆடு தின்றுவிட்டது! ஆட்டுக்காரரே வந்து சாட்சி சொன்னார். விஷம் வைத்தது? பெரிய மலர்வளையப் பங்காளிதான்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை. விளம்பரம் வந்த பிறகும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே..."

"சொல்லுங்க மதினி."

"அந்த டாக்டரத் தவிர யாருமே அவன்கிட்ட ஏன் லேட்டுன்னு கேக்கலையா?"

"கேக்கலையே மதினி."

"அக்காகாரி கூடவா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். யோசித்துப் பாருங்கள்... டி.வி.யில் கொலைகாரனைக்கூட உட்கார வைத்து விசாரிக்கிறார்கள். சொந்தக்காரர்களை நாம் விசாரிப்பதே இல்லை. நேராகத் தீர்ப்புதான்!

"ஏத்தா செல்வி, மாமனுக்குப் போனப் போடு."

அண்ணன் என் தொடையைக் கிள்ளினார். வலித்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் செல்போனில் பேசுவது நாலு வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பக்கத்துப் பேச்சும் அப்படித்தான். ஒளிவு மறைவு கிடையாது.

மதினி ஹலோகூடச் சொல்லவில்லை. "ஏலே முனியா... அன்னைக்கு ஏன்டா லேட்டு?"

"இதக் கேக்க இம்புட்டு நாளாச்சாக்கா ஒனக்கு?" குரல் உடைந்திருந்தது.

நூல்சேலை கொண்டு வந்தால் அக்காளை ஊருக்குள் இளக்காரமாகப் பேசுவார்களே என்று பட்டு எடுக்கப் பரமக்குடிக்கு ஓடியிருக்கிறார். திரும்பும்போது முதுகுளத்தூர் தாண்டி பஸ் படுத்துவிட்டது. லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

"கோடியோட தெருமொனை வரைக்கும் வந்துட்டேங்க்கா. தூக்கிட்டாகன்னு சொன்னாக. ஒன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அங்கனயே நின்னு அழுதுட்டுத் திரும்பிட்டேன்."

"தெருமொனையிலயா நின்ன?" மதினி சுவரைப் பிடித்துக்கொண்டார். "பாவி... நான் வாசல்லதான்டா நின்னேன். ஒரு எட்டு உள்ள வந்துருக்கக் கூடாதா? கோடிக்கா காத்துக்கிட்டு நின்னேன்? நீ வருவ, ஒன்னக் கட்டிப்பிடிச்சு அழலாம்னுல்ல நின்னேன்!"

சொன்னவர் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதார். போனிலும் அழுகை. இறந்து ஒரு வருஷம் கழித்துப் பெரியம்மாவுக்கு அக்காளும் தம்பியும் சேர்ந்து அழுதார்கள். அண்ணன் மேல்துண்டால் மூக்கைச் சிந்தினார். என் பாட்டை ஏன் கேட்கிறீர்கள்!

கொஞ்ச நேரத்தில் மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பழைய அதட்டல் குரல் வந்துவிட்டது.

"ஏலே, நல்லாக் கேட்டுக்க. தையில ஒம் மருமகளுக்குக் கல்யாணம். பட்டு எடுக்கப் போறேன், மாலை வாங்கப் போறேன்னு எங்கிட்டும் ஓடாத. முந்துன நாளே வந்து இங்கன படு. என்னடா?"

"வாரேங்க்கா. இப்பவே வாரேன்... வரவா?"

"வாடா. கருவாட்டுக் கொழம்பு இருக்கு."

உறவுக்காரர் யாராவது உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் லேட்டா? முதலில் ஒரு போனைப் போட்டுக் கேட்டுவிடுங்கள் சார்... தீர்ப்பு எங்கே ஓடிவிடப் போகிறது?