தளர்த்திக் கட்டிய கம்பி

இன்று காலை வரை என்னிடம் ஒரு தகரத் துண்டு இருந்தது. அதில் 17 என்று ஆணியால் குத்தியிருக்கும். குத்தியவன் நான். அதைக் கன்றில் கட்டச் சொன்னவர் எங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையின் தோட்டக்கார அக்கா. ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பின்சுவரோரம் வேம்பும் புங்கமும் நட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும் என்று வெல்டராக இருந்த என்னிடம் கழிவுத் தகரம் கேட்டார். நான் கம்பியை இறுக்கி முறுக்கினேன். "டேய், இது இன்னா கட்டடத்துக்குக் கட்டுற சாரமா? ரெண்டு விரல் நொழையற மாதிரி உடு. மரம் பெருக்கும்ல?" என்று கத்தினார்.

கன்றுகள் தோள் உயரம் வந்தபோது, லாரி நிறுத்த இடம் போதவில்லை என்று ஒரே காலையில் பொக்லைன் விட்டு அத்தனையையும் பிடுங்கினார்கள். அடுத்த வாரமே, ஆலைக்குள் மரம் வளர்க்கிறோமா என்று பார்க்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வேப்பங்கிளைகளை வெட்டி வந்து, முன்வாசல் ஓரம் கன்று போல ஊன்றச் சொன்னார் மேலாளர். கிளைக்கு வேர் கிடையாது. ஒரு பகல் பச்சையாக நிற்கும். அவருக்கு அது போதும்.

அக்கா முடியாது என்றார். "வேரே இல்லாத குச்சிக்குத் தண்ணி ஊத்தணுமா? நாளைக்கு உன் போட்டோவுக்குச் சோறு ஊட்டச் சொல்லுவியா நைனா?" எல்லோரும் சிரித்தோம். அன்று மாலையே அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அப்போது ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. புதுவாயல் சாலையோரத்தில் கிளைகளை வெட்டியது யார்? நான்தான். அதிகாரி பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் இலைகள் தொங்கிவிட்டன. டயர் தடத்தில் கிடந்த 17ஐ எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். கோழையால் அவ்வளவுதான் முடிந்தது.

போன மாதம் இயந்திரம் பொருத்தக் கல்கத்தா போனோம். ஓய்வு நாளில் கங்கைக் கரையிலுள்ள, வெள்ளைக்காரன் காலத்துத் தாவரத் தோட்டத்துக்குப் போனேன். மரத்துக்கு மரம் தகர எண். ஒரு மரத்தில் யாரோ கம்பியை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பட்டை கம்பியை விழுங்கி, கழுத்து நெரித்த தழும்பு போலப் புடைத்திருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. "இன்னாண்ணே, கரண்டு ரீடிங் எடுக்கிறவன் மாதிரி ஒவ்வொரு மரமா பாத்துக்கினு வர்ற?" என்று கூட வந்தவன் கேலி செய்தான்.

அங்கேதான் ஆலையிலிருந்து போன் வந்தது. இப்போது பராமரிப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. மேலாளர் மாறிவிட்டார். உத்தரவு மாறவில்லை. திரும்பவும் ஆய்வாம், கிளை வெட்ட ஆள் ஏற்பாடு செய்யவேண்டுமாம்.

"வெட்ட மாட்டேன் சார். கன்னு வாங்குங்க, குழி நான் தோண்டுறேன்."

"வேலை வேணுமா, வேணாமாய்யா?"

"வேணும். அதான் ஒழுங்கா செய்றேன்னு சொல்றேன்."

கன்று வாங்கித் தரவில்லை. நானே வாங்கினேன். இன்று காலை முன்வாசலில் குழி தோண்டி நட்டேன். முழங்கால் உயரம்கூட இல்லை, அதிகாரி முகம் சுளிக்கலாம். நாளை ஆய்வு. அதற்குப் பிறகு என்னை உள்ளே விடுவார்களோ, மாட்டார்களோ, தெரியாது. முதல் வேம்பில் 17ஐக் கட்டினேன். இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். தாராளமாக நுழைந்தது.