மங்கையக்காவின் கை நீட்டல்

தையல் தொழிற்சாலையில் இருந்தபோதுதான் செய்தி வந்தது. மேற்பார்வை பார்க்கிற வெள்ளைக்காரி என் தோளைத் தொட்டு, முதலாளியின் கந்தோர் அறையில் எனக்குப் போன் என்றாள். வேலைத்தலத்துக்கு வருகிற போனில் நல்ல சேதி வந்ததாக நான் அறியேன். மங்கையக்காவின் கணவர் சிவம் அண்ணைதான் பேசினார். "புவனம், மங்கை எங்களை விட்டிட்டுப் போட்டா." பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்துவிட்டாராம். உள்ளே, யப்பானிலிருந்து கொண்டுவந்த கரண்டுச் சோற்றுப் பெட்டி சோற்றை அவித்து முடித்துத் தன் பாட்டில் நின்றிருந்ததாம். வெளியே ஆள் விழுந்தது அதற்கு எப்படித் தெரியும்?

நான் படிப்புக் குறைந்தவள். பெரிய வார்த்தைகள் வராது. தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்கிற இந்தச் சிட்னியில், பென்டில் ஹில்லில் அவருக்கு அடுத்த தெருவில் இருந்தவள். அவர் நினைவுக்காகக் கூடியிருக்கிற உங்களுக்கு, நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

ஊரில் விறகை இழுத்துவிட்டால் அடுப்பு அடங்கிவிடும். இங்கே காஸ் அடுப்பு; காஸ் கண்ணுக்குத் தெரியாது. வந்த புதிதில் பாலை அடுப்பில் வைத்ததை மறந்து கடைக்குப் போய்த் திரும்பினால், வீடு முழுக்கப் புகை. அதன் பிறகு எனக்கு வாசலைத் தாண்டக் கால் வராது. ஸ்டேசன் வரைக்கும் போவேன். காஸைப் பூட்டினேனா, திறந்தே விட்டேனா என்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். திரும்பி ஓடுவேன். பூட்டித்தான் இருக்கும். மறுபடி ஸ்டேசன், மறுபடி அதே அடிப்பு. அதற்குள் வேலைக்குப் போகிற பரமட்டா ரயில் போய்விடும். இன்னொரு தரம் பிந்தினால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள். ஊரில் அம்மாவோடு விட்டுவந்த மகளை இங்கே கூப்பிடுவதற்கு எனக்கு அந்த வேலையை விட்டால் வேறு வழி இல்லை.

அப்படி ஓடிவந்த ஒரு காலையில்தான் அக்கா என்னை வழியில் கண்டார்.

"என்னடி இப்பிடி ஓடுறாய்? ஆர் வீட்டுப் பந்தி முடியப்போகுது?"

சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். என்னோடு வீட்டுக்குத் திரும்பிக் குசினிக்குள் வந்தார். அடுப்பை நோக்கிக் கையை நேராக நீட்டி, "காஸ் பூட்டியாச்சு!" என்று கத்தினார். நான் திடுக்கிட்டுப் போனேன்.

"நீயும் சொல்லு."

"ஆருக்கு அக்கா சொல்லுறது?"

"உன்ரை காதுக்கு. ஸ்டேசனிலை நிண்டு மனம் கேக்கேக்கை, காது மறுமொழி சொல்லும்."

யப்பானில், யோகோகாமாவில் கற்றுக்கொண்டாராம். சிவம் அண்ணை அங்கே கப்பல் திருத்தும் வேலையில் இருந்த காலம். ரயில் ஓட்டுகிறவர் தனியாக நின்று சிக்னலுக்குக் கை நீட்டிச் சத்தமாகச் சொல்வாராம். அக்கா பார்த்துச் சிரித்திருக்கிறார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வெளியே கிளம்பும்போது, அடுப்பிலுள்ள காஸ் திருகிக்கும் சுவரிலுள்ள திருகிக்கும் அதையே செய்ததைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டதாம். அங்கே மர வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும்; ஒன்று பற்றினால் தெருவே போய்விடும். குளிர்காலத்தில் இருட்டுகிற நேரம் ஆட்கள் கட்டைகளைத் தட்டி, நெருப்புக் கவனம் என்று கூவிக்கொண்டு போவார்களாம். குளியல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைச் சுடவைக்கிற அடுப்பை மூட்டக்கூடாது. நிலம் நடுங்கினால் முதல் ஓட்டம் காஸுக்குத்தான்.

"பாஷை தெரியாது. இவர் வேலைக்குப் போனால் நான் தனிய. என்னைப் பயமில்லாதவள் எண்டோ நினைச்சனி? பயந்தவைக்குத்தான் இது வேலை செய்யும்" என்றார்.

அடுத்த நாள் கை நீட்டிச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஸ்டேசனில் மனம் கேட்டது. காதுக்குள் என் குரல் இருந்தது. பரமட்டா போய்ச் சேரும் மட்டும் அதையே வாய்க்குள் சொல்லியபடி இருந்தேன். ஆனாலும் திரும்பி ஓடவில்லை. மகள் இப்போது என்னோடு இருக்கிறாள்.

சிவம் அண்ணைக்கு இதெல்லாம் பகிடி. "என்ன மங்கை, பூசை முடிஞ்சுதோ? மணி மட்டும்தான் ஆட்டேல்லை" என்பார். "வாங்கோ, உங்கடை தலையிலை ஆட்டி விடுறன்" என்பார் அக்கா.

அக்காவைத் தகனத்துக்கு எடுக்கிற நாள், அவர் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. எல்லோரும் வெளியே இறங்கிவிட்டோம். சிவம் அண்ணை மட்டும் வாசற்படியில் நின்றார். நேரமாகிறது என்று ஆட்கள் கூப்பிட்டார்கள். அவருக்குக் கால் வரவில்லை. அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு.

"புவனம்..." என்றார். "காஸ்?"

உள்ளே போனேன். காலை முழுக்க யார் யாரோ தேத்தண்ணி வைத்த குசினி. ஒவ்வொரு திருகியாகத் தொட்டுப் பார்த்தேன்; சோற்றுப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினேன். கையை நீட்டினேன்.

"காஸ் பூட்டியாச்சு! சோத்துப்பெட்டி கழட்டியாச்சு!"

இரண்டாவதை வாசல் வரைக்கும் கேட்கச் சொன்னேன்.

வாசலிலிருந்து, "கேட்டுது" என்றார் அண்ணை. பிறகுதான் படியிறங்கினார்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தக் கை நீட்டலும் சத்தமும்தான். எனக்குக் கேட்டால் போதும் என்று முன்பெல்லாம் மெல்லத்தான் சொல்வேன். இப்போது அக்கா வீடு இருக்கிற அடுத்த தெருவரைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்.