நாலு மணி நேரத் தூரம்

விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பவனுக்கு எந்த ஊர் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை போட்டேன். நீங்களும் என்னைப் போலக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் சொல்கிறவர் என்றால், இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

மலை இறங்கிய நேரம்

வெள்ளிமலையிலிருந்து சின்னையன் என்பவர் மகனோடு வந்தார். மகனுக்குத் துபாயில் கட்டட வேலை. "எம்மாந்தூரங்க?" என்று கேட்டார். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், சென்னையில் ஏறினால் நாலு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்றேன். தைரியம் சொல்வதாக நினைத்து, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். சின்னையன் யாரையும் குறை சொல்லாத குரலில் பேசினார். "போன மழைக்கு எம்பொண்ணுக்கு வலி கண்டுச்சுங்க. ஜீப்புல ஏத்திக்கினு எறங்கனோம். ரோட்டுல மரம் வுயுந்து கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வர ஆறு மணி நேரம் ஆச்சு. அதுக்குள்ள பூட்டா."

போவது கம்மி

கருணாபுரம் செல்வி சித்தாள் வேலை செய்கிறவர். துபாயிலிருந்து கணவன் லீவில் வந்து திரும்பிப் போக, இரண்டு பக்கத்துக்கும் டிக்கெட் போட வந்தார். தாளைக் கையில் வாங்கி மணியைக் கூட்டிப் பார்த்தார். துபாயில் காலை பத்துக்கு ஏறினால் சென்னையில் மூன்றரைக்கு இறங்குகிறது. சென்னையில் பத்துக்கு ஏறினால் பன்னிரண்டரைக்கே துபாய். "இன்னாங்க இது, வர்றதுக்கு அஞ்சரை மணி, போறதுக்கு ரெண்டரையா?"

பறக்கிற நேரம் ஒன்றுதான், அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. ஆனால் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசத்துல வந்துர்றேன்னு போனாரு. ஆறு வருசமாச்சு. போறது சீக்கிரந்தாங்க, வர்றதுதான் ஜாஸ்தி."

உளுந்தூர்பேட்டை டீக்கடை

தியாகதுருகம் பக்கத்துக் கரும்பு விவசாயி ராமலிங்கம். அவர் தம்பி துபாயில் டிரைவர். தம்பி ஊருக்கு வர நான்தான் டிக்கெட் போட்டிருந்தேன். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது தூக்கத்திலேயே இறந்துபோனார். காகிதங்கள் சரியாகி உடல் விமானம் ஏற மூன்று வாரம் ஆனது. தினமும் ராமலிங்கம் கடைக்கு வந்து, "இன்னிக்கு ஏத்திடுவாங்களா?" என்பார். நாளைக்கு என்பேன். வேறு என்ன சொல்வது?

அவர் ஏர்போர்ட்டைப் பார்த்ததில்லை. அதனால் உடலை வாங்கிவரச் சென்னைக்குப் போன ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க நிறுத்தினோம். தம்பி வரும் பெட்டியை விமானத்தில் எங்கே வைப்பார்கள் என்று கேட்டார். பயணிகள் உட்காருகிற இடத்துக்குக் கீழே, சாமான்களோடு என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார். "கீழ தனியாத்தான் வர்றான். மேல நம்ம ஊரு ஜனம் யாருனா ஒக்காந்திருப்பாங்க, இல்லீங்களா?"

இவ்வளவுக்குப் பிறகும் என் கடை போர்டில் 'சென்னை – துபாய் நாலே மணி நேரம்' என்றுதான் இருக்கிறது, பறக்கிற நேரத்தை மட்டும் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை.