சாட்சி சொல்ல ஒருவர்தான் மிச்சம்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூண்டியில் நான் பாடுபடும் நிலத்தை அப்பா எனக்கு உயில் எழுதி வைத்தார். மரியாதைக்காக ஊரிலேயே மூத்த இருவரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அப்பா இறந்ததும், உயிலில் இருப்பது அவர் கையெழுத்தே இல்லை என்று அண்ணன் வழக்குப் போட்டார். சாட்சிகளில் ஒருவர் அதற்கு முன்பே இறந்திருந்தார்.

"இன்னொருத்தராவது கோர்ட்டுல வந்து சொல்லணும். அவரும் போயிட்டா நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்ங்க" என்றார் வக்கீல்.

அந்தப் பெரியவர் அடுக்கம் கிராமத்தில் மகள் வீட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். நிலம் போனால் என் பிள்ளைகளுக்குச் சோறில்லை. போன் அடித்தாலே, அவர் போய்விட்ட செய்தியோ என்று எடுக்கவே பயந்தேன்.

விசாரணையன்று ஜீப்போடு போய் நின்றேன். "மாமா, வர முடியுமா?" என்றபோது அழுதுவிட்டேன்.

"ஏலே, உங்கப்பன் சோலி பாக்கி கெடக்கு. எமன் கூப்பிட்டாலும் போகமாட்டேன். வெரசா தூக்கு" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாட்சி சொன்னார். அடுத்த மாதமே இறந்தார். பிறகு தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது.

இப்போது என் உயிலுக்கு மகன் வயதுள்ள இருவரைச் சாட்சியாக வைத்திருக்கிறேன். பெரியவர்களை மதிக்கவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும்.

இதை எழுதிய நாள் கார்த்திகை பதினொன்று.