இடது இடுப்பு

அல்லிநகரத்து ஜிம்மில் காலையில்தான் லேடீஸ் பேட்ச். தோளில் இரும்புக் கம்பியோடு பாதி உட்கார்ந்த நிலையில் இருந்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கினால், இடது தொடை இடுப்போடு சேரும் இடத்தில் சுரீரென்று பிடிக்கும். ஒரு வாரமாகவே அப்படித்தான். வீட்டில் சொன்னால், "ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்பார்கள். அதைக் கேட்பதற்கு வலியே தேவலாம் என்று வாயைத் திறக்கவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. பயிற்சி தரும் பெண் ஓடிவந்து கம்பியைத் தாங்கினாள். வந்த ஆத்திரத்தில் அவள்மேலேயே பாய்ந்தேன்.

"நீ சொன்ன மாதிரிதான உக்காந்தேன்?"

"கோவப்படாதீகக்கா. கம்பியில்லாம ஒருக்கா கண்ணாடியப் பாத்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். உடம்பு மொத்தமும் இடப்பக்கமே சாய்ந்தது. எழுந்து சும்மா நின்றபோதும் இடது இடுப்பு வெளியே தள்ளி நின்றது.

"பிள்ளைய எந்தப் பக்கம் தூக்குவீக?" என்றாள்.

இடது இடுப்பைத் தொட்டுக் காட்டினேன்.

"கொஞ்ச நாளைக்கு மாத்தித் தூக்குங்க. இங்கன வெயிட்டு இல்லாம, வலிக்காத மட்டுக்கும் உக்காந்தாப் போதும்."

வீட்டு வாசலில் என் மகள் இரண்டு கைகளையும் நீட்டினாள். தூக்கி வலது இடுப்பில் வைத்தேன். முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு ஊர்ந்து, தன் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தாள்.

சுரீரென்றது. ஜிம்மில் அந்தப் பெண்ணிடம் காட்டிய கோபத்தை இவளிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை.